மேட்டரைப் படித்துவிட்டீர்களா?

வரைகலை வடிவமைப்பு கற்கச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கையருக்கு,



உங்களில் சிலர் சென்னையிலோ கும்பகோணத்திலோ கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்திருப்பீர்கள். சிலர் விஸ்காம் படிக்கிறீர்கள். பெரும்பாலோர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருக்கும் கணினி மையத்தில் ஆறு மாத வகுப்புக்குப் பணம் கட்டியிருப்பீர்கள். வகுப்புக்கே போகாமல், வேலை முடிந்து வந்து இரவில் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்பவர்களும் இருக்கிறீர்கள். எந்த வழியில் வந்தாலும் முதல் நாள் உங்கள் கையில் கிடைப்பது ஒரே பட்டியல்தான்: ஃபோட்டோஷாப், கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன். இந்த நான்கும் தெரிந்தால் டிசைனர் ஆகிவிடலாம் என்று வாசலில் தொங்கும் ஃபிளெக்ஸே சொல்கிறது.

அந்தப் பட்டியலில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதன் முதல் வரியைக் காணோம். பார்ட்டி எழுதிக் கொடுக்கும் தாளை அச்சகத்தில் 'மேட்டர்' என்கிறோம். அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் திறன். அச்சகத்திலும் விளம்பர வேலையிலும் வெகுகாலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கருவி தெரியாமல் கெட்ட வேலைகளைவிட, படிக்காமல் கெட்ட வேலைகளே அதிகம். கருவியை மூன்று மாதத்தில் பழகிவிடலாம். படிக்கும் பழக்கத்தை யாரும் பாடமாக வைப்பதில்லை. அதனால்தான் இந்த மடல்.

கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் டிசைனர்களில் பலருக்கு அதுதான் முதல் வேலை. மேட்டரில் குலதெய்வத்தின் பெயர் இருக்கும், தாத்தா பாட்டி பெயர்கள் இருக்கும், தமிழ் மாதத் தேதியும் ஆங்கிலத் தேதியும் இருக்கும், முகூர்த்த நேரம், மண்டபம், வரவேற்பு, தாய்மாமன்கள், 'தங்கள் நல்வரவை விரும்பும்' நீண்ட பட்டியல் எல்லாம் இருக்கும். மேட்டரைப் படிக்காதவர் உடனே ஒரு மயில் படத்தைத் தேடப் போவார். படித்தவருக்குக் கேள்விகள் வரும். தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா? தமிழ்த் தேதி பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகிறதா? வரவேற்பு முதல் நாள் மாலையா, அன்று மாலையா? மண்டபத்தின் பெயர் இருக்கிறது, ஊர் எங்கே? மணமகளின் தந்தைக்கு மேலே ஒரு தலைப்பெழுத்தும் கீழே வேறொன்றும் இருப்பது ஏன்? இவற்றைக் கேட்டுத் தெளிந்தபின் இன்னொரு கேள்வி வரும். பத்திரிகையைக் கையில் வாங்குகிறவர் எதைத் தேடுவார்? யாருக்கு யார், எந்த நாள், எத்தனை மணி, எந்த மண்டபம். இந்த நான்கும் ஒரே பார்வையில் கிடைக்க வேண்டும். பெரியவர்களின் பெயர்களுக்கு உரிய மரியாதையான இடமும் வேண்டும், ஏனெனில் வீட்டில் சண்டை வருவது அங்கேதான். இப்படி வரிசைப்படுத்தி முடிக்கும்போது லேஅவுட்டில் பாதி தானாகவே வந்திருக்கும். மயில் வேண்டுமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மேட்டருக்கு அடுத்தபடியாக நீங்கள் படிக்க வேண்டியது எழுத்து. உங்களுக்குக் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே தமிழில் போட்டால் கோணலாக நிற்கும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இரண்டு உண்டு. தலைப்பு முழுவதையும் பெரிய எழுத்தில் போட்டால் அது தனித்துத் தெரியும். நமக்கு அந்த வசதி கிடையாது. சாய்வெழுத்தும் தமிழுக்கு இயல்பானதில்லை. அளவு, தடிமன், நிறம், வைக்கும் இடம், சுற்றிலும் விடும் வெற்றிடம் ஆகியவற்றைக் கொண்டே எது முதல், எது அடுத்து என்று நாம் காட்ட வேண்டும். தடிமனை எல்லா வரிக்கும் கொடுத்துவிட்டால் எந்த வரியும் தனித்துத் தெரியாது. ஊர்ப் பேனர்கள் பலவற்றில் நடப்பது இதுதான்.

வரி இடைவெளியைப் பாருங்கள். 'கி', 'கீ' மேலே வளைகின்றன. 'கு', 'மூ' கீழே இறங்குகின்றன. ஆங்கிலப் பத்திக்கு 10 பாயின்ட் எழுத்தும் 12 பாயின்ட் வரி இடைவெளியும் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதே கணக்கைத் தமிழுக்குக் கொடுத்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் கொக்கியும் முட்டிக்கொள்ளும். 14, 15 வரை போக வேண்டியிருக்கும். எழுத்துருவைப் பொறுத்து மாறும். ஆங்கிலமும் தமிழும் ஒரே வரியில் வரும்போது இரண்டுக்கும் 12 பாயின்ட் என்று எண்ணைச் சமமாக்குவதும் போதாது. கண்ணுக்குச் சமமாகத் தெரியும்வரை ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

நம் சொற்களும் நீளம். 'கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒற்றைச் சொல் ஒரு செய்தித்தாள் பத்தியின் அகலத்தையே விழுங்கிவிடும். குறுகிய பத்தியை இருபுறமும் சீராக்கினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும். அங்கே இடப்பக்கம் மட்டும் சீராக்கி, வலப்பக்கத்தை அதன் போக்கில் விடுவது நல்லது. இடம் போதவில்லை என்று எழுத்தை அமுக்கவோ, இடம் மிஞ்சுகிறது என்று இழுக்கவோ செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் நிற்கும் கோட்டின் தடிமன் ஒரு மாதிரியும் படுத்த கோட்டின் தடிமன் வேறு மாதிரியும் ஆகி, எழுத்தை வரைந்தவரின் உழைப்பு வீணாகும். ஒடுங்கிய எழுத்துரு வேண்டுமென்றால் ஒடுக்கமாகவே வரையப்பட்ட ஒன்றைத் தேடுங்கள். கட்டமரன், முக்த மலர், பவனம், ஹிந்த் மதுரை, நோட்டோ என்று கட்டணமின்றிக் கிடைக்கும் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இன்று பல இருக்கின்றன. ஒவ்வொன்றையும் திறந்து 'ழ', 'ண', 'ஞ', 'இ' நான்கையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்துருவின் குணம் அந்த நான்கில் வெளிப்பட்டுவிடும்.

கணினிக்குள் தமிழ் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஃபோட்டோஷாப்பில் 'கொ' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து, நடுவே புள்ளிவட்டம் விழுகிறதா? எழுத்துக்கான அமைப்பில் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனிலும் பத்திக்கான மெனுவில் அதே பெயரில் ஒரு கம்போசர் இருக்கிறது. இது தெரியாததால் இன்னும் பலர் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த முறையில் அடித்தது பார்வைக்குத் தமிழாக இருக்கும். உள்ளே ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும். எழுத்துருவை மாற்றினால் குப்பையாகக் கொட்டும், தேடினால் கிடைக்காது. யூனிகோடில் அடியுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் வருவதால் கை சீக்கிரம் பழகும்.

யூனிகோடில் அடித்தாலும் கண்ணை ஏமாற்றும் இடங்கள் உண்டு. 'ஔவை' என்பதை 'ஒ', 'ள' என்று இரண்டெழுத்தாக அடித்து 'ஒளவை' ஆக்குவோர் ஏராளம். 'கௌரி' என்ற பெயரிலும் கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள' அடித்து 'கெளரி' ஆக்கிவிடுவார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தப் பெயரை இணையத்தில் தேடுகிறவருக்குக் கிடைக்காது, கணினி அதைப் படித்துக்காட்டும்போது தப்பாகப் படிக்கும். செங்குத்தாகப் பெயர்ப்பலகை செய்யும்போதும் இதே கவனம் தேவை. 'கோயில்' என்பதைக் கீழ்நோக்கி அடுக்கினால் 'கோ', 'யி', 'ல்' என்று மூன்று தட்டுகள்தான் வர வேண்டும். கொம்பைத் தனியாக ஒரு தட்டில் நிறுத்திய பலகைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எழுத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அது அலங்கார அறிவு இல்லை, வேலைக்கு உதவும். 1950களில் நடக்கும் படத்துக்கு போஸ்டர் செய்கிறீர்கள் என்று வையுங்கள். அன்றைய கடைப்பலகையில் 'லை', 'னை' ஆகியவை துதிக்கை தூக்கிய பழைய வடிவத்தில்தான் இருந்திருக்கும். இன்று நாம் எழுதும் வடிவத்தைத் தமிழக அரசு ஏற்றது 1978இல். ஆனால் அதே படத்தில் ஒருவர் 'விடுதலை' நாளிதழைப் படித்துக்கொண்டிருந்தால் அங்கே புதிய 'லை'தான் சரி. பெரியார் 1935 முதலே தம் ஏடுகளில் சீர்திருத்த எழுத்தைக் கையாண்டார். இந்த வேறுபாட்டைக் கவனித்துச் செய்கிற டிசைனரை எந்த இயக்குநரும் விடமாட்டார்.

எழுத்தின் அளவுக்கும் தாளின் செலவுக்கும் உள்ள உறவும் பழையது. தரங்கம்பாடியில் பாதிரியார் சீகன்பால்கு தொடங்கிய அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றில் அடித்தால் தாள் தீர்ந்துவிடும். ஆகவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே வெளிவந்தது. எழுத்து எதுவரை சிறுத்தால் படிக்க வரும், தாள் எவ்வளவு மிச்சமாகும் என்று அவர்கள் போட்ட கணக்கைத்தான் இன்றும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் நாம் போடுகிறோம்.

தாள் என்றதும் அடுத்த திறனுக்கு வந்துவிட்டோம். நீங்கள் செய்வது எதில் முடியப்போகிறது என்று தெரியாமல் ஃபைலைத் திறக்காதீர்கள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, காகிதம் மையால் காட்டுகிறது. திரையில் பளபளக்கும் நீலமும் கிளிப்பச்சையும் நான்கு வண்ண அச்சில் மங்கித்தான் வரும். பார்ட்டியிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்குப் படங்கள் அச்சாகும் அளவில் 300 டி.பி.ஐ. இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த லோகோவை இழுத்துப் பெரிதாக்காமல் வெக்டர் ஃபைல் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வரைந்துகொள்ளுங்கள். வெட்டும் கோட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீட் விடுங்கள். சிறிய கறுப்பு எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள். நான்கு மையும் கலந்திருந்தால், பிளேட் மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிழல் தட்டும். புத்தக அட்டை செய்தால் முதுகின் அகலத்தைக் கணக்கிடத் தெரிய வேண்டும். 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாளில் 200 பக்கம் என்றால் 100 தாள், முதுகு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். சரியான அளவை அச்சகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிவகாசியோ உங்கள் ஊரோ, ஏதாவது ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் ஒரு நாள் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். பிளேட் ஏறுவதையும் முதல் தாளை மெஷின்மேன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதையும் கண்டவருக்கு இந்த விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பேனருக்குக் கணக்கே வேறு. பைக்கில் போகிறவர் அதைச் சில நொடிகள்தான் பார்ப்பார். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயர எழுத்து என்பது பலகை செய்வோரின் பழைய கைக்கணக்கு. 100 அடியிலிருந்து தெரிய வேண்டுமானால் 10 அங்குலம். அந்த அளவில் எத்தனை சொல் பிடிக்கும் என்று பார்த்தால், மேட்டரில் எதை வெட்ட வேண்டும் என்பது புரிந்துவிடும். கைபேசித் திரைக்குச் செய்தால் அதை வெயிலில் கொண்டுபோய்ப் பாருங்கள். பின்னணிக்கும் எழுத்துக்கும் உள்ள ஒளிவேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்று இணைய அணுகல்தன்மை நெறிகள் சொல்கின்றன. வெளிர்மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து இந்தச் சோதனையில் உடனே தோற்கும்.

இனி, ஆளைப் படிப்பது. "பளிச்சுன்னு இருக்கணும்", "கொஞ்சம் ரிச்சா பண்ணுங்க", "லோகோவை இன்னும் பெருசா போடுங்க தம்பி." இவற்றைக் கேட்டுச் சலித்துக்கொள்வது இந்தத் தொழிலில் எளிது. ஆனால் பார்ட்டி தன் கவலையைத் தனக்குத் தெரிந்த சொற்களில் சொல்கிறார், அவ்வளவுதான். லோகோ பெரிதாக வேண்டும் என்பவருக்குத் தன் கடைப்பெயர் யார் கண்ணிலும் படாமல் போய்விடுமோ என்ற பயம். சுற்றியிருக்கும் நெரிசலைக் குறைத்துக் காட்டுங்கள், அளவைக் கூட்டாமலே பயம் தெளியும். வேலையை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்: இதை எங்கே வைக்கப்போகிறீர்கள்? யார் பார்க்க வேண்டும்? பார்த்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும், போன் செய்ய வேண்டுமா, கடைக்கு வர வேண்டுமா? எத்தனை முறை திருத்தம், எவ்வளவு பணம், யார் முடிவு சொல்வார்? பதில்களை எழுதி அனுப்பிவிடுங்கள். ப்ரூஃபைக் காட்டி 'ஓகே' என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அண்ணன் ஓகே சொல்லி, அச்சானபின் மாமா வந்து மாற்றச் சொல்லும் ஊர் நம்முடையது.

சட்டத்தில் நாலு விஷயம் தெரிந்திருக்கட்டும். தேர்தல் போஸ்டரிலும் துண்டறிக்கையிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும் என்கிறது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழுக்கே முதலிடமும் பெரிய இடமும். இணையத்தில் கண்ணில் படும் படம் எல்லாருக்கும் சொந்தமானதில்லை. எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. மாதச் சம்பளத்தில் இருக்கும்போது செய்த வேலையின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதலாளிக்கே போகும். தனியாகச் செய்து கொடுக்கும் வேலையில் உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருந்தால்தான் செல்லும்.

கையால் வரையத் தெரிய வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறீர்கள். ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பங்களின் முன் உட்கார்ந்து வரைந்த கோடுகள் ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' ஆக வந்தன. அந்தக் கை நமக்கு வாய்க்காமல் போகலாம். ஆனால் உட்கார்ந்து பார்ப்பதை யாரும் பழகலாம். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குக் கோபுலு வரைந்த படங்களைத் தேடிப் பாருங்கள். கதையை ஊன்றிப் படிக்காத கை நாதஸ்வரக்காரரின் அந்த மிடுக்கைக் கொண்டுவந்திருக்க முடியாது. நம் சிற்றிதழ்களின் தலைப்பெழுத்துகளையும் புத்தக அட்டைகளையும் ஆதிமூலம் எழுதிய விதத்தைப் பாருங்கள். எழுத்தே அங்கே ஓவியமாக நிற்கும். உங்களுக்கு வேண்டியது ஒரு பென்சில், கொஞ்சம் பழைய தாள், கணினியைத் திறக்குமுன் கட்டைவிரல் அளவில் ஏழெட்டு லேஅவுட்டாவது கிறுக்கிப் பார்க்கும் பொறுமை. முதலில் தோன்றுவது பெரும்பாலும் எல்லாருக்கும் தோன்றுவதாகவே இருக்கும்.

எழுத்தை ஊன்றிப் படிப்பதன் பலனுக்கு ஒரு சான்று: ரூபாய்க் குறியை வரைந்த டி. உதயகுமார் கள்ளக்குறிச்சிக்காரர், மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்துருவியலை ஆராய்ந்தவர். தேவநாகரியின் 'ர'வும் ஆங்கில 'ஆர்' எழுத்தும் ஒன்றுக்குள் ஒன்று அமர, மேலே இரண்டு கிடைக்கோடுகள். 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு அதை ஏற்றது. பில்லில் கடுகளவு அச்சானாலும் அது தெரிகிறது, பேனாவால் எழுதவும் சட்டென்று வருகிறது. எழுத்துகளின் உடம்பை அவ்வளவு காலம் படித்தவருக்கு அந்தச் சிக்கனம் கைகூடியதில் வியப்பில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி நமக்கு வேலை இருக்குமா என்ற கேள்வி உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கும். மயில் படத்தை அது நொடியில் தந்துவிடுகிறது. மயில் படம் மட்டுமே தரத் தெரிந்தவருக்கு நெருக்கடி வரத்தான் செய்யும். ஆனால் அது தரும் தமிழ் எழுத்துகள் பல நேரம் சிதைந்து வருகின்றன. நாளை அதுவும் சரியாகிவிடலாம். அப்போதும், வரவேற்பு முதல் நாளா அன்றா என்று மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்க ஓர் ஆள் வேண்டும். பிழையோடு 1,000 பிரதி அச்சானால் பதில் சொல்ல வேண்டியவரும் அந்த ஆள்தான்.

வேலை தேடும்போது உங்கள் போர்ட்ஃபோலியோவில் பொங்கல், தீபாவளி வாழ்த்து அட்டைகளை அடுக்காதீர்கள். எல்லாரிடமும் அவை இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பேருந்து நேர அட்டவணையை எடுத்து, கண்ணாடி போட்ட பாட்டிக்கும் புரியும்படி மாற்றுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை போட்டுத் தரும் உறையில் காலை, மதியம், இரவு என்பதைப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்படி செய்யுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை ஏன் மாற்றினீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். நான்கே வேலை போதும். ஆள் எடுப்பவர் அந்த நான்கு வரியைத்தான் முதலில் படிப்பார்.

இந்தத் தொழிலில் ஒரு மனக்குறை உண்டு. நீங்களும் சீக்கிரம் கேட்பீர்கள். டிசைனரைக் கடைசியில் கூப்பிடுகிறார்கள், எல்லாம் முடிவான பிறகு 'அழகாக்கிக் கொடு' என்கிறார்கள், தப்பு வந்தால் முதலில் அவரைத்தான் கேட்கிறார்கள். குறை உண்மைதான். ஆனால் சொன்னதை அடித்துக் கொடுப்பவரை ஆப்பரேட்டராகத்தான் நடத்துவார்கள். மேட்டரைப் படித்தவர் கேள்வி கேட்பார். அந்தக் கேள்வியால் ஒருமுறை பணமோ மானமோ மிச்சமான பார்ட்டி, அடுத்தமுறை மேட்டர் எழுதுவதற்கு முன்பே அவருக்குப் போன் செய்வார். கூலியும் மரியாதையும் அந்த போனோடுதான் உயரும். ஆகவே அடுத்த வேலை வரும்போது ஃபைலைத் திறக்காதீர்கள். மேட்டரை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள், சந்தேகம் வந்த இடமெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள், பார்ட்டிக்குப் போன் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் இந்த வேலைக்கு வந்த ஒருவன்